வலசைப் பறவைக்கு ஊர் எது?



ஐப்பசி பிறந்துவிட்டால் தென்னாட்டுக் கடற்கரைகளில் புதிய குரல்கள் கேட்கத் தொடங்கும். அதுவரை காக்கையும் செம்பருந்தும் ஆண்டுவந்த மணற்பரப்பில் சின்னஞ்சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாக ஓடி இரை தேடும். வடபுலத்தைப் பனி மூடுமுன் அங்கிருந்து புறப்பட்டுப் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தவை அவை. இந்த இடப்பெயர்ச்சியை நாம் வலசை என்கிறோம். பழைய அகராதிகளைப் புரட்டினால், பகைவருக்கு அஞ்சிக் குடிமக்கள் ஊரைவிட்டு வேற்றிடம் செல்வதையே வலசை என்று குறித்திருப்பது தெரியவரும். இன்று அச்சொல் பெரிதும் பறவைகளுக்கே வழங்குகிறது.

பறவை நூல்களில் இவற்றைக் ‘குளிர்கால விருந்தாளிகள்’ என்று எழுதுவது வழக்கம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தொடரைக் காணுந்தோறும் ஓர் ஐயம் எழுவதுண்டு. திருவனந்தபுரத்தில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்பது ஒருபுறம் இருக்கட்டும். விருந்தாளி என்ற சொல் பொருந்துமா என்பதே ஐயம். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம்மவர் வாக்கு. இந்தப் பறவைகள் எத்தனை நாள் நம்மிடம் தங்குகின்றன? இன்றைய பேச்சில் அந்தக் கணக்கைத்தான் சற்று நேர்மையாகப் பார்க்கப் போகிறோம். அதற்கு முன்பாகத் திருவனந்தபுரம் கடற்கரையில் ஒரு நாள் முழுவதும் பறவைகளைக் கண்டுவந்த செய்தியைச் சொல்லிவிடுகிறோம்.

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை நேயர்களுட் பலர் அறிந்திருக்கக்கூடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் அமைத்த தெரு அது. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் அத்தெருவில் பல தலைமுறைகளாகத் தமிழ் வணிகர்கள் அரிசி, பலசரக்கு, பாத்திரம், துணி முதலியவற்றை விற்று வருகின்றனர். அங்கிருந்து அரபிக் கடல் ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் கடைத்தெருவின் ஓயாத இரைச்சலில் கடல் இருப்பதே பலருக்கு நினைவிராது.

சாலைக்காரர்களுக்கு வலசையின் பருவத்தை நினைவூட்டப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் நவராத்திரியை ஒட்டிக் குமரி மாவட்டத்திலிருந்து மூன்று தெய்வங்கள் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகின்றன. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை செந்திட்டையிலும், வேளிமலைக் குமாரசுவாமி சாலைக்கு அடுத்த ஆரியசாலையிலும் தங்கியருளி, பூசை முடிந்தபின் தத்தம் ஊர் திரும்புகின்றன. ஏறக்குறைய அந்த நாட்களிலேதான் வடக்கேயிருந்து பறவைகளும் பெருவாரியாக வந்து சேர்கின்றன.

குமாரசுவாமி வேளிமலை திரும்பிய பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொழுது புலருமுன் நாங்கள் நால்வர் சாலையிலிருந்து புறப்பட்டோம். எங்களுள் ஒருவர் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி. மற்ற இருவர் கல்லூரி மாணவர்கள். ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு, ஒரு தூக்குச்சட்டி இட்டிலி ஆகியவையே எங்கள் தளவாடங்கள்.

முதலில் திருவல்லம் வழியாகப் புஞ்சக்கரி வயல்களுக்குச் சென்றோம். வெள்ளாயணி ஏரியைச் சார்ந்த தாழ்ந்த ஈர நிலம் அது. கடலோரப் பறவைகளைக் காண விரும்புவோர் இத்தகைய வயலிலிருந்தே தொடங்குவது நல்லது. வெயில் ஏறுமுன் இங்கே பார்ப்பதற்கு நிறைய உண்டு. மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் மணி கோத்தாற்போல் அமர்ந்திருந்தன. உழுத சேற்றில் மஞ்சள் வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் அசைத்தபடி பூச்சி பொறுக்கின. வரப்போரத்து முட்செடியின் உச்சியில் பழுப்புக் கீச்சான் ஒன்று காவற்காரனைப்போல் நின்றது. பூனைப்பருந்து ஒன்று வயலுக்கு மேலே தாழப் பறந்து வரவே, கொக்குகள் அத்தனையும் எழுந்து அமர்ந்தன. கொக்கு நமக்கு அண்டைவீட்டுக்காரர். மற்றவை எல்லாம் இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்தவை.

அங்கிருந்து கரமனை ஆறு கடலில் விழும் பொழிக்கரைக்குச் சென்றோம். ஆறு கடலோடு கலக்கும் மணல்வாய்க்குப் பொழி என்று பெயர். இங்கேதான் அன்றைய நாளின் சிறந்த காட்சி கிடைத்தது. ஈர மணலின் நிறமும் தன் முதுகின் நிறமும் வேறுபடாத சிறு உப்புக்கொத்திகள் இருபது முப்பது நின்றிருந்தன. அவை நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை, ஓடினால்தான் தெரியும். நான்கடி ஓடும், நிற்கும், மணலை ஒரு கொத்துக் கொத்தும், மீண்டும் ஓடும். லடாக், திபெத்து ஆகிய மேட்டுநிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை அவை. அவற்றின் நடுவே அவற்றினும் சிறிய கொசு உள்ளான் சில, தையல் எந்திரத்தின் ஊசியைப்போல் அலகை இடைவிடாது குத்திக்கொண்டிருந்தன. கொசு உள்ளானின் எடை சாதாரணமாக முப்பது கிராமுக்கும் குறைவு. ஆர்க்டிக் கடலை ஒட்டிய வெறுநிலத்தில் பிறந்து, அந்த உடம்போடு ஆசியக் கண்டத்தைக் கடந்து வந்திருக்கிறது.

பகலில் பூந்துறையையும் வலியதுறையையும் கடந்து, மாலையில் வேளிப் பொழிக்கு வந்து சேர்ந்தோம். கிழக்கே துலாமாத மழைக்கான இருட்டுக் கூடிக்கொண்டிருந்தது. கரை திரும்பும் படகுகளின் பின்னே ஆலாக்கள் வட்டமிட்டன. மணல்மேட்டில் அவ்வாண்டின் முதற் கடற்காகங்கள் சில வந்து இறங்கியிருந்தன. வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், கடலில் மீன்கூட்டம் எங்கே இருக்கிறது என்பதை ஆலாவைப் பார்த்தே தாம் அறிவதாகக் கூறினார். நமக்கு வேடிக்கையாக இருப்பது அவருக்குத் தொழிலின் துணை.

உண்மையைச் சொல்லவேண்டுமானால், கோடியக்கரையில் காண்பதுபோல் பறவைகளை ஆயிரக்கணக்கில் திருவனந்தபுரத்தில் காண இயலாது. இங்கே கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே நீர் வடிந்தபின் வெளிப்படும் ஈர நிலம் மிகக் குறுகலானது. அந்தக் குறுகிய பட்டைதான் இங்கு வரும் உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் சோற்றுத்தட்டு. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

இனி, முன்பு சொன்ன கணக்குக்கு வருவோம். வலசை ஐப்பசியில் தொடங்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் சாதாரண உள்ளானின் முதல் வரவை ஆடி மாத இறுதியிலேயே ஆற்றோரங்களில் காணலாம். அது திரும்பிப் போவது சித்திரையில். எனில் ஆண்டின் எட்டு ஒன்பது மாதங்களை அது நம் நீர்க்கரைகளில் கழிக்கிறது. கொசு உள்ளான் முதலியவை வடக்கே தங்கும் காலம் இரண்டு மூன்று மாதமே. அங்கே பனி உருகி மீண்டும் உறையும் இடைவெளி அவ்வளவுதான். அதற்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தாக வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. உள்ளான் இனங்கள் பலவற்றில் தாய்ப் பறவையும் தந்தைப் பறவையும் முன்னதாகப் புறப்பட்டுவிடுகின்றன. குஞ்சுகள் பின்னர் தாமாகவே, வழிகாட்ட மூத்தவர் எவருமின்றித் தெற்கு நோக்கி வருகின்றன. திசையறிவு அவற்றின் பிறப்போடு வந்தது. அவ்வாறு வந்த இளம்பறவைகளுட் பல அடுத்த கோடையில் வடக்கே திரும்புவதே இல்லை. முதல் ஆண்டு முழுவதையும் தென்கரையிலேயே கழிக்கின்றன. மேலும், பறப்பதற்கு இன்றியமையாத பெரிய இறகுகளைப் பல உள்ளான்கள் தெற்கே வந்து சேர்ந்த பின்னரே ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கின்றன. அடுத்த பயணத்துக்கான இறகு நம் கரையின் நண்டையும் புழுவையும் தின்று வளர்ந்த இறகு. வழிச்செலவுக்கான கொழுப்பும் அப்படியே இங்கே சேர்ந்ததுதான். இவ்வளவையும் இவ்விடத்திலிருந்து பெறும் உயிரை விருந்தாளி என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்? வட ஐரோப்பியர் எழுதிய நூல்களில் அவை பிறந்த இடம் வீடாகவும் நாம் வாழும் இடம் சத்திரமாகவும் ஆயின. கணக்கு வேறு விதமாகவல்லவா இருக்கிறது?

இதைப் பொழிக்கரையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாணவருள் ஒருவர் அரிசி மண்டி அண்ணாச்சியை நோக்கி, “உங்களுக்கு எந்த ஊர், அண்ணாச்சி?” என்று கேட்டார். திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஒரு சிற்றூரின் பெயரைச் சொன்னார் அவர். அங்கிருந்து வந்தவர் அவருடைய பாட்டனார். அண்ணாச்சி பிறந்ததும், படித்ததும், மணந்ததும், மக்களைப் பெற்றதும் சாலையில். “ஊருக்கு எப்பொழுது போவீர்கள்?” என்று கேட்டதற்கு, “கோயில் கொடைக்குப் போவோம். மூணு நாள் இருப்போம்” என்றார். பிறகு அவரே சற்று நின்று, “அப்படிப் பார்த்தால் நான் அங்கேதான் விருந்தாளி” என்று சொல்லிச் சிரித்தார்.

பாட்டன் ஊரின்மேல் உள்ள பற்று நல்ல பண்பே. அதைக் குறைகூறுவது நம் கருத்தன்று. மதுரையில் வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர், தென்குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லிவிட்ட பாட்டைத் தமிழர் இன்றும் மறக்கவில்லை. வெளியூர் போனவன் வீட்டை நினைப்பதற்கும் பறவையே அங்கே துணை. ஆனால் பிறந்த ஊரை நினைக்கும் கண், வாழும் ஊரைக் காணாமல் இருந்துவிடலாகாது. சாலைக்கே அதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. எழுத்தாளர் ஆ. மாதவன் அக்கடைத்தெருவிலேயே கடை நடத்தினார்; அத்தெருவின் மனிதர்களையே தம் கதைகளில் நிறுத்தினார். 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்று, 2021-இல் மறைந்தார். தாம் வாழ்ந்த தெருவே தமக்கு ஊர் என்று கொண்டு எழுதியவர் அவர்.

பறவை விஷயத்திலும் அத்தகையோர் இங்கே இருந்திருக்கின்றனர். திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றி பெர்குசன், போர்டிலன் என்னும் இருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினர். 1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி இராச்சியங்களைச் சுற்றிவந்து ஆய்ந்தார். அதன் பயனாகப் பின்னர் 1953-இல் அவரது நூல் வெளியாயிற்று. ஆங்கிலப் பேராசிரியரான கே. கே. நீலகண்டன், ‘இந்துசூடன்’ என்ற புனைபெயரில், கேரளப் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் எழுதிய நூல் 1958-இல் வந்தது. அந்நூலைப் படித்துப் பறவை பார்க்கத் தொடங்கிய மலையாளிகள் பலர். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கூடிக் கேரளம் முழுவதற்கும் பறவை வரைபடம் ஒன்று தயாரித்தனர். 361 இனங்கள் அதில் பதிவாகியுள்ளன. இந்தியாவில் ஒரு மாநிலம் முழுவதற்கும் இவ்வாறு செய்தது அதுவே முதல் முறை.

திருவனந்தபுரத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. நகருக்கு வடக்கே உள்ள தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-ஆம் நாள் இந்தியாவின் முதல் ராக்கெட்டு ஏவப்பட்டது. அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதுதான். அக்கோட்டில் காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும். வடக்கே போகப்போக ஊசியின் சாய்வு மிகும். 1972-இல் ஜெர்மானிய அறிஞர் இருவர், ராபின் என்னும் சிறு பறவையை ஆராய்ந்து, பறவைகள் திசையறிவது இந்தச் சாய்வைக் கொண்டே என்று எடுத்துக்காட்டினர். சூரியனும் விண்மீன்களும் அவற்றுக்கு உதவுகின்றன என்பதும் தெரிந்ததே. ஆகவே வடக்கேயிருந்து வரும் பறவை வந்து சேரும் இக்கரை, காந்தச் சாய்வு முடிந்துபோகும் கரை. விஞ்ஞானிகள் கருவி கொண்டு தேடிக் கண்ட இடத்துக்குப் பறவைகள் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கின்றன.

இனி, முன்னே நினைவில் வைக்கச் சொன்ன குறுகிய மணற்பட்டைக்குத் திரும்புவோம். அது ஆண்டுதோறும் இன்னும் குறுகி வருகிறது. 2018-ஐ அடுத்த ஆண்டுகளில் சங்குமுகத்தில் கடல் கரையை அரித்துச் சாலையையும் தின்றது. ஐப்பசி விழாவிலும் பங்குனி விழாவிலும் பத்மநாபசுவாமி ஆராட்டுக்காக விமான ஓடுதளத்தைக் கடந்து எழுந்தருளும் கரை அது. வலியதுறையில் 1956-இல் கட்டிய பழைய கடற்பாலம் 2024-இல் இடிந்து பிளந்தது. வீடு இழந்த மீனவக் குடும்பங்கள் பல, கிடங்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. புயலா, கரையோரக் கற்சுவர்களா, துறைமுகக் கட்டுமானமா, எது எவ்வளவு காரணம் என்பதில் வாதம் ஓயவில்லை. 2022-இல் மீனவர்கள் நூறு நாட்களுக்கு மேல் போராடினர். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த வாதத்துக்குத் தீர்ப்புக் கூறுவது இப்பேச்சின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் ஒன்று கண்கூடு. கரமடி இழுக்க மீனவனுக்கு மணல் வேண்டும். இரை கொத்த உப்புக்கொத்திக்கும் அதே மணல் வேண்டும். கற்சுவரின்மேல் இரண்டுமே நடவாது.

உலகளவிலும் நிலைமை கவலை தருவதே. 2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், வலசை வரும் கரைப்பறவைகளுள் 16 இனங்களை முன்னிலும் ஆபத்தான நிலைக்கு மாற்றியது. சாம்பல் நிறப் பெரிய உப்புக்கொத்தியும், வளைந்த அலகுடைய உள்ளானும், கூழாங்கல்லைப் புரட்டி இரை தேடும் கல்திருப்பியும் அவற்றுள் அடங்கும். மூன்றும் நம் நாட்டுக் கரைகளுக்கு வருபவையே. அடுத்த ஆண்டு, 2025 அக்டோபரில், மெல்லிய அலகுடைய ஒரு கோட்டான் இனம் அடியோடு அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் கூட்டை மனிதர் கண்டதெல்லாம் 1909-க்கும் 1925-க்கும் இடையே, சைபீரியாவில் தாரா என்னும் ஊர்ப்புறத்தில் மட்டுமே. ஐயத்துக்கு இடமின்றி அது கடைசியாகக் காணப்பட்டது 1995-இல், மொராக்கோ நாட்டுக் கடற்கரையில். வழியெங்கும் வேட்டையாடினர், தங்கும் சதுப்புகளை வற்றச் செய்தனர். அது குறைந்து வருகிறது என்று உலகம் விழித்தபோது காலம் கடந்துவிட்டது. எந்த நாட்டுக்கும் அது சொந்தப் பறவையாக இல்லை. எல்லா நாட்டிலும் விருந்தாளியாகவே இருந்தது. விருந்தாளியைக் கணக்கெடுக்க யாருக்குத் தோன்றும்?

ஆகவே நேயர்கள் செய்யத்தக்கது, தாம் வாழும் இடத்துப் பறவைகளைக் கணக்கில் எழுதி வைப்பது. பம்பாய்த் தாராவியில் வாழ்வோருக்கு மாகிம் கழிமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. தில்லியில் இருப்போருக்கு யமுனையும் ஓக்லாவும் உண்டு. கல்கத்தாவின் கிழக்கே விரிந்த ஈரநிலங்கள் கிடக்கின்றன. பெங்களூரில் ஏரிகளுக்குக் குறைவில்லை. மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரைமணி நின்று எண்ணுங்கள். தேதி, நேரம், இடம், இனம், எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிடில் அலகின் நீளம், காலின் நிறம், நடக்கும் விதம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பறவை ஓய்ந்து நிற்கும் மணல்மேட்டுக்குள் நடந்து அதை எழுப்பாதீர்கள். ஒவ்வொரு வீண்பறப்பும் அது சேர்த்த உணவிலிருந்து எடுக்கும் கடன். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. உங்கள் குறிப்பேட்டோடு அதிலும் சேர்ந்துகொள்ளலாம்.

ஒரு கரையை அழிக்க முற்படுவோர், ‘இங்கே என்ன இருக்கிறது?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்பொழுது விடை சொல்லப் பத்தாண்டுக் குறிப்பேடு ஒன்று எவரிடமேனும் இருக்க வேண்டும். அது அவ்வூரில் பல தலைமுறையாக வாழ்பவர் கையில் இருந்தாலும் சரி, பிழைக்க வந்தவர் கையில் இருந்தாலும் சரி. ஆண்டின் பெரும்பகுதியை எங்கே கழிக்கிறோமோ, எந்த மண்ணின் உணவில் நம் இறகு வளர்கிறதோ, அந்த இடத்துக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.